பாடமாக்காத பாட்டு

ஷரிபுதீனின் குரலைச் சாய்ந்தமருதில் அறியாதவர் இல்லை. தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் சுவரொட்டி அடிக்கும் முன்பே அவனைத் தேடி வருவார்கள். சினிமா மெட்டில் அவர்களின் பெயரைப் பொருத்திப் பாடிக் கொடுப்பான். காலையில் ஒரு கட்சிக்கு, பின்னேரம் மற்றக் கட்சிக்கு. ஊரில் யாரும் அதைக் குற்றமாக எடுப்பதில்லை.

ஒரு மெட்டை மட்டும் அவன் எவருக்கும் கொடுத்ததில்லை. கரைவலை இழுத்த கூட்டாளி றுமைஸும் அவனும் கடற்கரை மணலில் இருந்து கட்டிய பாட்டு அது. எழுதிய கொப்பி றுமைஸின் வீட்டில் இருந்தது. சுனாமி வீட்டையும் கொப்பியையும் றுமைஸையும் கொண்டுபோனது. அடக்கம் செய்ய ஜனாஸா கிடைக்கவில்லை.

ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த நாளில் றுமைஸின் மனைவி ஸில்மியா அவனுக்காகக் கத்தம் ஓதுவிப்பாள். வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு திரைக்கு அப்பால் நின்று, அண்ணனைக் கூப்பிடுவதுபோல, "காக்கா, அவர்ர பாட்டப் படிங்க" என்பாள். அவன் பாடுவான். போய் நின்று ஸலாம் சொல்ல றுமைஸுக்கு ஒரு கபுறு இல்லை. பாட்டுத்தான் இருந்தது.

போன நவம்பர்த் தேர்தலுக்கு, வேட்பாளர் முனாஸ் ஹாஜியின் ஆள் ஜவுபர், ஷரிபுதீன் பாட்டுப் பதியும் கல்முனை ஸ்டூடியோவுக்கு வந்தான்.

"நல்ல மெட்டெல்லாத்தையும் அவனுகள் எடுத்திட்டானுகள் காக்கா. புதிசா ஒண்டு தாங்க."

"புதிசுக்கு எங்க போற?"

"ஒங்கட சொந்தச் சரக்கு ஒண்டுமே இல்லியா? இருவத்தஞ்சு வருசமா இரவல் சட்டைதானா?"

ஸ்டூடியோவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஷரிபுதீனும் சிரித்தான். பிறகு கீபோட்டில் கை வைத்து அந்த மெட்டை எடுத்தான். மெட்டைத்தானே கொடுக்கிறேன், சொற்கள் என்னிடம்தானே இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டான்.

மூன்று நாளில் அது ஊரில் ஓடும் எல்லாத் திரீவீல் ஆட்டோவிலும் ஒலித்தது. ஒரு பாட்டு எடுபட்டால் எதிர்ப்பக்கம் அதே மெட்டில் நக்கல் பாட்டுப் போடுவது அங்கே வழக்கம். அவர்களும் ஷரிபுதீனிடமே வந்தார்கள். 'முன்னால வாறார்' என்று பாடிய வாயால் 'பின்னால ஓடுறார்' என்றும் பாடிக் கொடுத்தான். ஹாஜி வென்றார். வெற்றி மேடையில் அவன் தொடங்க, நின்ற சனம் முழுதும் திருப்பிப் பாடியது. அவனுடைய மெட்டொன்றை ஊர் பாடியது அதுதான் முதல் தடவை. அவன் அழுதான். சந்தோசம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

டிசம்பர் வந்தது. கத்தம் முடிந்து, சனம் கலைந்தது. ஹாஜியின் வெற்றி ஊர்வலம் அந்தப் பாட்டோடு ஸில்மியாவின் ஒழுங்கையாலும் போயிருந்தது. அதைப்பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.

"காக்கா, அவர்ர பாட்டப் படிங்க."

அவன் தொண்டையைச் செருமினான். "கரையில நிண்டு கையக் காட்டி..."

அடுத்த வரிக்கு மூச்சை எடுத்தான். வாயில் 'முனாஸ் ஹாஜி முன்னால வாறார்' வந்து நின்றது. பல்லைக் கடித்து அதை நிறுத்தினான். மீண்டும் தொடங்கினான். கையைக் காட்டியது யார், என்ன சொன்னான்? ஹாஜிதான் வந்தார். மூன்றாம் முறை பின்னால் ஓடுகிறவராக வந்தார்.

அவன் திரைப் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"ஒங்களுக்கு ஞாபகம் இரிக்கா தங்கச்சி? ரெண்டாவது அடி?"

"நீங்க இரிக்கிறீங்க எண்டுதானே காக்கா நான் பாடமாக்கல்ல."

வழமைபோல, சோற்றுப் பார்சலைத் திரைக்குக் கீழால் தள்ளி வைத்தாள்.

பார்சலோடு அவன் கடற்கரைக்குப் போனான். இருவரும் இருந்து கட்டிய இடத்தில் நின்றால் வரும் என்று தோன்றியது. வெயில் சரிந்திருந்தது. கரைவலைக்காரர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரைப் பார்த்தபடி மெதுவாகத் தொடங்கினான்.

"கரையில நிண்டு கையக் காட்டி..."

கயிற்றில் நின்ற ஒருவன் திரும்பினான். "டேய், நம்மட ஷரிபுதீன் காக்காடா! சத்தமாப் படிங்க காக்கா, வலை லேசா வரும்!"

அவன் வாயை மூடிக்கொண்டான். அவர்களுக்கு அவன் தேவைப்படவில்லை. முப்பது பேரும் ஒரே குரலில் அடுத்த அடியை எடுத்தார்கள். ஹாஜியின் பெயர் வரும் இடத்தில் காலை மணலில் ஊன்றி இழுத்தார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் கடலிலிருந்து வலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஷரிபுதீன் நிற்கவில்லை.