ஆக்கள் வரும் வீடு

போன சனிக்கிழமை சப்பாத்து மாற்றுவதற்காக ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போனவள், மாற்றாமலே திரும்பி வந்தேன். மேல்தளத்துக் கோப்பிக் கடையில் நாலைந்து மாணவர்கள் மேசை நிறையப் புத்தகம் பரப்பி வைத்திருந்தார்கள். அதில் ஒருத்தி எங்கட பிள்ளை. பிறந்தது இங்கேயாக இருக்கும், முகம் மட்டும் அப்படியே சாவகச்சேரி. அவள் பையிலிருந்து ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்தாள். எங்கட ஆக்களின் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கிரீம் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. உள்ளே ரோல்ஸ். உருளைக்கிழங்கும் மிளகும் தகரத்தில் அடைத்த ரின்மீனும் சேர்ந்த அந்தப் பொரியல் மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு வாய் ஊறவில்லை, சப்பாத்துப் பையோடு திரும்பி ஓடிவந்தேன். ரோல்ஸ் மணத்துக்குப் பயந்து ஓடுகிற மனிசி இந்த நகரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஏனென்று சொல்கிறேன், இருங்கள்.

நான் ஒஸ்லோவுக்கு வந்தது இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில். ஊரில் வர்த்தகப் பிரிவில் உயர்தரப் பரீட்சை முடித்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவமும் பொருளியலும் படிப்பேன், பட்டம் எடுப்பேன், குதி உயர்ந்த சப்பாத்துப் போட்டு வங்கிக்கு வேலைக்குப் போவேன் என்று பெரிய கனவு. வந்து இறங்கினால், உன்னுடைய உயர்தரம் இங்கே காணாது, முதலில் ஒரு வருடம் அடித்தளப் படிப்புப் படித்துவிட்டு வா என்றார்கள். மொழி, கணக்கு, பொருளியலின் அரிச்சுவடி. ஒன்றைத் தெரிவுசெய்தால் கைவிடுகிற மற்றதுதான் அமையச் செலவு என்று தமிழில் நித்திரையிலும் ஒப்புவிப்பேன். அதையே நொர்ஸ்க் என்கிற நோர்வே மொழியில் கேட்டால் ஊமைதான். முதல்நாள் ஆசிரியர் உள்ளே வந்ததும் எழுந்து நின்றேன். வகுப்பில் ஒருவரும் எழும்பவில்லை. ஆசிரியர் என்னைப் பார்த்து, கழிவறை வெளியே வலப்பக்கம் என்று அன்பாக வழி சொன்னார். மானம் போய்விடக் கூடாதே என்று நானும் போய்விட்டு வந்தேன்.

தங்கியிருந்தது எல்லிங்ஸ்ருட்டில், அண்ணா வீட்டில். அப்பா செத்த பிறகு என்னை வளர்த்ததே அண்ணாதான். படிப்புக்குக் கட்டியதும் அண்ணாதான். வந்த அன்றைக்கே குளிர்ச் சப்பாத்து வாங்கித் தந்து, முழங்காலில் இருந்து அதன் கயிற்றைக் கட்டியும் விட்டார். அந்த மனிசன் அன்றிரவே மச்சாளின் காதைப் பொத்தி அறைந்த சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. மச்சாள் என்றால் அண்ணாவின் மனைவி. எங்கள் பக்கம் அண்ணி என்பதைவிட அப்படித்தான் கூப்பிடுவோம். முதலில் ஏதோ தட்டு விழுந்ததென்று நினைத்தேன். தட்டு ஒருமுறைதான் விழும். இது விழுந்துகொண்டே இருந்தது.

அடிக்குக் காரணம் என்று ஒன்று வேண்டியிருக்கவில்லை. கறியில் உப்புக் கூடினால் அடி, குறைந்தால் அடி, கடையில் யாரோ மச்சாளைப் பார்த்துச் சிரித்தால் அடி. முகத்தில் படாமல் அடிப்பதில் அண்ணாவுக்கு நல்ல பழக்கம் இருந்தது. முதுகு, தொடை, மயிர் மறைக்கிற இடம். ஒருநாள் கொதிக்கிற சோற்றுப்பானையைத் தூக்கி எறிந்தார். மச்சாள் குனிந்ததால் சுவர் வெந்தது. ஊரில் அப்போது சமாதான காலம் என்று பெயர். அங்கே சண்டை நின்றிருந்தது, எல்லிங்ஸ்ருட்டில் நிற்கவில்லை. அண்ணா ராணுவத்திடம் அடிவாங்கியவர், அதுதான் இப்படி என்று பிறகு சிலபேர் எனக்கு விளக்கம் சொன்னார்கள். எனக்கு அது செல்லாது. ராணுவத்திடம் அடிவாங்கிய எத்தனையோ பேர் மனிசிக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிறதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நான் இடையில் போய் விழுந்தால் என்னைத் தூக்கி அடுத்த அறையில் விட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, மச்சாளுக்கு எனக்கும் சேர்த்து அடிப்பார். ஆகவே மச்சாளே என்னை வரவேண்டாமென்று கும்பிட்டார். ஒருமுறை கீழ்வீட்டு நோர்வேக் கிழவர் பொலிசைக் கூப்பிட்டார். பொலிஸ் மச்சாளிடம் கேட்டது. மச்சாளுக்கு மொழி தெரியாது. அவரை மொழி வகுப்புக்குப் போக அண்ணா விட்டதே இல்லை. அதனால் மொழிபெயர்த்தது யார் தெரியுமோ? அண்ணாதான். குளியலறையில் வழுக்கிவிட்டதாம் என்று நல்ல நொர்ஸ்கில், கவலையான முகத்தோடு சொன்னார். பொலிஸ் தரையில் ஈரம் பார்த்து நடக்கச் சொல்லிவிட்டுப் போனது. எனக்கு அண்ணாவின் கழுத்தைக் கடிக்கவேண்டும் போலிருந்தது.

இனிப் படிப்புக்கு வருகிறேன். இங்கே மாணவர்கள் தனியாக முட்டிமோதிப் படிப்பதில்லை, சிறு குழுவாகக் கூடிப் படிப்பார்கள். என் குழுவில் நானும் இன்னும் இரண்டு பேரும். ஹோதான் சோமாலியப் பிள்ளை, பியோர்ண்டாலில் தாயோடு இருந்தாள், வாய்க்காரி. யோனாஸ் நோர்வேக்காரன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் களஞ்சியத்தில் பாரம்தூக்கி ஓட்டிய, கதவளவு பெடியன். வாரத்துக்கு ஒருத்தர் வீடு என்று முறை வைத்தோம். என்னுடைய முறை வந்தது. அந்த வீட்டுக்கு எப்படி ஆக்களைக் கூட்டிக்கொண்டு போவது?

போனோம். அன்றைக்கு அண்ணாவைப் பார்த்திருக்க வேண்டும். கதவைத் திறந்து மேலங்கியை வாங்கிக் கொழுவினார். மச்சாள் பொரித்த ரோல்ஸைத் தன் கையாலேயே பரிமாறினார். படிக்கிற பிள்ளைகள் என்று தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். வீட்டுக்கு ஆள் வந்தால் சண்டையைப் பாயோடு சுருட்டி வைக்கிற சாதி அல்லவா நாங்கள். வெளியே போகும்போது யோனாஸ், உனக்கு எவ்வளவு அருமையான அண்ணா என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஓங்காளித்துச் சத்தியும் வந்தது.

மறுநாள் காலை மச்சாள் சமையலறையில் வைத்து என் கையைப் பிடித்தார். நேற்று அடி விழவில்லை என்றார். அதை ஏதோ மழை பெய்யவில்லை என்பது போலத்தான் சொன்னார்.

“அந்தப் பிள்ளையள் இருக்கேக்கை அவர் கை ஓங்கமாட்டார். இண்டைக்கும் கூட்டிக்கொண்டு வாருமன்.”

அப்படித்தான் எங்கள் குழு எல்லிங்ஸ்ருட்டிலேயே நிலையாகக் குந்தியது. பொருளியலின் கேள்வியும் வழங்கலும் அங்கேதான் படித்தோம், கணக்கின் வகையீடும் அங்கேதான். நோர்வேக்காரர் ஒருவர் வீட்டுக்கு ஒருமுறை போகவே நாலுமுறை அனுமதி கேட்கிற ஆக்கள். யோனாஸ் ஒவ்வொரு நாளும், உன் அண்ணாவுக்குத் தொந்தரவில்லையா என்று கேட்பான். இல்லை, எங்கள் பண்பாடு இப்படித்தான் என்று நான் புளுகுவேன். பண்பாட்டின் தலையில் எதைக் கட்டினாலும் நோர்வேக்காரர் நம்புவார்கள். ஹோதான் நம்பவில்லை. மச்சாள் தேநீர் ஊற்றும்போது சட்டைக்கை மேலேறியது, மணிக்கட்டு நீலம் பாரித்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து எல்லாருக்கும் முதல் வருவாள், எல்லாருக்கும் பின் போவாள். அண்ணா கொட்டாவி விட்டாலும் இன்னொரு கணக்கு இருக்கிறதென்று புத்தகத்தை விரிப்பாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரும். பள்ளி விடுமுறை வரும். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு யோனாஸ் தாய்வீட்டுக்குப் போனான், ஹோதானுக்குக் காய்ச்சல். அந்த நாட்களில் அண்ணா நிலுவை எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்த்தார். மச்சாளின் விலா எலும்பு வெடித்தது அப்போதுதான். மூச்சு இழுக்கும்போதெல்லாம் மச்சாள் கண்ணை மூடுவார். ஆஸ்பத்திரியிலும் மொழிபெயர்த்தது அண்ணாதான்.

இதற்கிடையில் ஒன்று நடந்துகொண்டிருந்தது, அதை அண்ணா கவனிக்கவில்லை, சத்தியமாக நானும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ரோல்ஸ் தட்டோடு வந்து நிற்கிற மச்சாள், மெல்ல மெல்ல எங்களோடு இருக்கத் தொடங்கினார். நாங்கள் கதைப்பதைக் கேட்டுக் கேட்டு நொர்ஸ்க் பிடித்தார். முதலில் தேநீர், சீனி, போதுமா. பிறகு பிழையும் சரியுமாக முழு வசனம். வகுப்பில் எங்களுக்கு ஒரு கற்பனை நிறுவனம் தொடங்கித் திட்டம் எழுதச் சொன்னபோது, ரோல்ஸ் கம்பெனி என்றான் யோனாஸ், வாய் நிறைய ரோல்ஸோடு. விற்பனைக்கு ஹோதான், கணக்குக்கு நான், பாரம் தூக்க அவன். கம்பெனியை நடத்துகிற முகாமையாளர் யார்?

வைகாசி மாதம், பரீட்சைக்குக் கிட்ட. பொழுதுபடாத வெளிச்சமான பின்னேரம். மச்சாள் நாற்காலியில் நிமிர்ந்து இருந்து, நெஞ்சில் கை வைத்து, நான்தான் முகாமையாளர் என்று நொர்ஸ்கில் சொல்லிச் சிரித்தார். அப்படிச் சத்தமாகச் சிரித்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வேலையால் நேரத்தோடு வந்த அண்ணா வாசலில் நின்றார். எங்களுக்குத் திறப்புச் சத்தம் கேட்கவில்லை.

“ஆரடி முகாமையாளர்?” என்று மிகவும் மெதுவாகக் கேட்டார்.

மச்சாள் எழும்பினார். அதற்குள் அண்ணா மயிரைப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் அடித்துவிட்டார். ஆக்கள் இருக்கிறார்கள் என்பது அவருக்கு அன்றைக்கு மறந்துபோனது. இரண்டாவது அடியில் பல் உடைந்து என் கொப்பியில் விழுந்தது. ஹோதான் இடையில் பாய்ந்தாள். முழங்கையால் இடித்ததில் அவளுடைய மூக்காலும் ரத்தம், முக்காடு கழன்று தரையில். நான் பொருளியல் புத்தகத்தை எடுத்தேன். செங்கல் போன்ற புத்தகம். அதனால் அண்ணாவின் கையில் அடித்தேன், தோளில் அடித்தேன், எனக்குச் சப்பாத்துக் கட்டக் குனிந்த அந்தத் தலையில் அடித்தேன், நிறுத்த முடியவில்லை. அந்தப் புத்தகத்தால் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த உடனடிப் பயன் அது ஒன்றுதான். கடைசியில் யோனாஸ்தான் அண்ணாவைப் பின்னால் கட்டிப்பிடித்து விழுத்தி, மேலே ஏறி இருந்தான். இருந்துகொண்டு அவன் அழுதான். ஹோதான் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுகையால் பொலிசுக்குப் போன் அடித்தாள்.

பொலிஸ் வந்தது. தரையில் கிடந்தபடியே அண்ணா தொடங்கிவிட்டார், அவளுக்கு மொழி தெரியாது, நான் சொல்கிறேன், கால் தடக்கி விழுந்தாள் என்று. பெண் பொலிஸ்காரி மச்சாளைப் பார்த்தாள். மச்சாள் வாயில் இருந்த ரத்தத்தைச் சீலைத்தலைப்பில் துடைத்துவிட்டு நொர்ஸ்கில் சொன்னார்:

“நான் விழவில்லை. அவர் அடிக்கிறார்.”

தினமும் அடிப்பாரா என்று அவள் கேட்டாள்.

“இல்லை. இவர்கள் வருகிற நாட்களில் அடிக்க மாட்டார்.”

யோனாஸ் என்னைப் பார்த்தான். அந்த வருடம் முழுவதும் தான் எதற்காக அந்த வீட்டுக்கு வந்து ரோல்ஸ் தின்றான் என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

மச்சாளை அன்றைக்கே பாதுகாப்பு இல்லத்துக்குக் கொண்டு போனார்கள். நான் பியோர்ண்டாலில் ஹோதானின் தாய்க்குப் பக்கத்தில் படுத்து எழும்பிப் பரீட்சை எழுதினேன். புத்தகத்தால் அடித்த கைவீக்கம் வற்றவில்லை, அதோடு எழுதிச் சித்தியடைந்தேன். அண்ணா இனிப் படிப்புக்குக் கட்டமாட்டார் என்பது தெரிந்ததே. விடியற்காலையில் அலுவலகங்கள் கூட்டித் துடைத்துத்தான் பட்டப்படிப்புக்குப் போனேன். எங்கட ஆக்கள் சும்மா இருப்பார்களா? படிக்க வந்தவள் குடும்பத்தைப் பிரித்துவிட்டாள் என்று ஒஸ்லோ முழுக்கக் கதை. அம்மாவுக்கு ஊருக்குப் போன் எடுத்தேன்.

“வளர்த்தவனைப் பொலிசிலை பிடிச்சுக் குடுத்திட்டாய். இனி எனக்குப் போன் எடுக்காதை.”

எடுத்தேன். நெடுக எடுத்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிடுவார். சாகும்வரை வைத்துக்கொண்டுதான் இருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது. அம்மா மேல்தான் கோபம், வேறு யார் மேல் கோபிக்க?

அண்ணா சிறைக்குப் போய்விட்டு வந்து ஒருநாள் எல்லிங்ஸ்ருட் நிலக்கீழ் ரயில் நிலையத்தில் என்னை மறித்தார். கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கிச் சுவரோடு அழுத்தினார்.

“எங்கையடி அவள்?”

“தெரியாது அண்ணா.”

முறுக்க முறுக்க அதையே சொன்னேன். தோள் கழன்றது. மழைக்காலத்தில் இன்றும் உளையும். உண்மையிலேயே எனக்குத் தெரியாது, அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. தெரிந்திருந்தால் அந்த நோவுக்குச் சொல்லியிருப்பேனோ என்னவோ. மச்சாளுக்கு வேறு ஊர், வேறு பெயர், மறைத்த முகவரி எல்லாம் அரசாங்கம் கொடுத்திருந்தது. பரீட்சை முடிவு வந்த நாட்களில் ஒரேயொரு தடவை இலக்கம் காட்டாத தொலைபேசியில் எடுத்திருந்தார்.

“பாஸ் பண்ணிட்டீரோ?”

“ஓம் மச்சாள். நீங்கள் எங்கை இருக்கிறியள்?”

“அதைச் சொல்லக்கூடாதாம். நான் நல்லா இருக்கிறன். பல்லுக் கட்டியாச்சு.”

பிறகு எடுக்கவில்லை.

அந்த வருடத்து ஆக்கள் ஒருவரும் இப்போது கிட்ட இல்லை. ஹோதான் லண்டனில். யோனாஸ் வடக்கே எங்கோ வாகனம் விற்கிறான். எல்லிங்ஸ்ருட் வீட்டில் வேறு நாட்டுக்காரர் குடியிருக்கிறார்கள். அண்ணா போன மாரியில் செத்துப்போனார், மாரடைப்பு. செத்தவீட்டில் அழுதேன், ஏன் பொய் சொல்ல, நன்றாகவே அழுதேன்.

அடுத்த கிழமை அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். மச்சாளின் பழைய பெயரைச் சொல்லி, முகவரி வேண்டாம், ஒரு செய்தி மட்டும் சேர்ப்பியுங்கள் என்று கேட்டேன். அங்கே இருந்த பெண் மரியாதையாகத்தான் கதைத்தாள். அப்படி ஓர் ஆள் இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தன்னால் சொல்ல முடியாது என்றாள். அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எங்கேயோ ஓர் ஊரில், ஏதோ ஒரு பெயரில், மச்சாள் இன்றைக்கும் படுக்கப் போகமுதல் கதவுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். அடிக்கிற ஆள் செத்துவிட்டார் மச்சாள், இனிப் பூட்டாமலே படுங்கோ என்று சொல்ல எனக்கு வழியில்லை.