பஞ்சர் என்று எழுதியவர்

எங்கள் கல்முனைக்குடிக் கடைக்கு வாரம் ஒருமுறை பிஸ்கட் லொறி கொண்டுவந்தவரை நான் அண்ணன் முறைக்குக் 'காக்கா' என்றே கூப்பிட்டேன். பெயர் கேட்கவேயில்லை. யன்னலோரம் வைத்து வைத்து அவருடைய வலது கை மட்டும் வெயிலில் கருகியிருந்தது. இறங்கியதும் தண்ணீர்கூடக் கேட்காமல், பொனட்டில் தாளை விரித்துத் தாமதத்துக்குக் காரணம் எழுதுவார்.

கொழும்புக் கம்பெனிக் கந்தோர் அவருக்கு வைத்த நேரம் காலை பத்து மணி. யுத்த காலம்; வழியில் ஒவ்வொரு ஆமி செக்பொயின்டிலும் பெட்டிகள் முழுவதையும் இறக்கி ஏற்றி வந்துசேரப் பின்னேரம் அசர் தொழுகை நேரமாகிவிடும். தாளில் மட்டும் எப்போதும் 'பஞ்சர்' என்றே இருக்கும்.

"செக்பொயின்ட் எண்டு எழுதினா என்ன காக்கா?"

"எழுதினன் தம்பி. அதெல்லாம் காரணமில்லையாம், நேரத்தோட வெளிக்கிடட்டாம். ஆறு மணிக்கு முந்தி ஆமிக்காரன் றோட்டுத் திறக்கமாட்டான் எண்டா கந்தோரில கேக்கிறானுகளா? பஞ்சரெண்டாத்தான் நம்புறானுகள்."

பிறகொருநாள் கந்தோரிலிருந்து வந்த ஒரு கடிதத்தைக் காட்டினார். இத்தனை பஞ்சர் என்றால் ஓட்டுபவரில்தான் பிழை, விளக்கம் எழுதவும் என்றிருந்தது.

"இதுக்கு என்னெண்டு எழுதுற தம்பி?"

கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் லொறியை வேறொருவர் கொண்டுவந்தார். அப்போதும் அசர் நேரம்தான். பொனட்டில் தாளை விரித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"முந்தி வந்தவரு இதில என்னெண்டு எழுதுவாரு?"

இவருடைய வலது கை இன்னும் கருகியிருக்கவில்லை.