பத்து நாள் காவல்

கடலூரில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து தெருநாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெயர்ப்பலகை கிடையாது, தனியாக இடமும் கிடையாது. அடிபட்ட நாய், தாயில்லாத குட்டி என்று யாராவது போன் செய்தால் போய் எடுத்து வருவோம். தேறியதும் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்போம். கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ரிட்டயர் ஆன ஒருவர் எங்களில் மூத்தவர். அவரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்தேன். நாய் கேட்கிற வீட்டை முதலில் போய்ப் பார்ப்பதும், கொடுப்பதற்கு முன் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று சரிபார்ப்பதும் என் பொறுப்பு.

2009 இருக்கும். செம்மண்டலத்தில் எங்கள் தெருச் சாக்கடையில் விழுந்து கிடந்த ஒரு பெட்டைக்குட்டியை எடுத்து ஒரு மாதம் வளர்த்தேன். செவலை நிறம், நாலு காலிலும் வெள்ளை. சிதம்பரத்திலிருந்து ஒரு குடும்பத்தார் அதைக் கேட்டார்கள். கணவர் மேல வீதிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மனைவி டீச்சர். ஒன்பது வயதில் ஒரே பெண்.

பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் நேரம். என்னால் சிதம்பரம் போய் வர முடியவில்லை. போனில் பேசியதிலேயே நல்ல மனுஷர்கள் என்று தெரிந்தது, அதுவே போதும் என்று விட்டுவிட்டேன். தடுப்பூசி மருந்தும் அந்த வாரம் கடையில் இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் வேனை எடுத்துக்கொண்டு வந்து நின்றபோது, "ஒரு ஊசி மட்டும் பாக்கி இருக்குங்க, போட்டுக்கணும்" என்று சொன்னேன். என்ன ஊசி, ஏன் போட வேண்டும் என்று விளக்கவில்லை. அவரும் தலையாட்டிவிட்டு நாயை ஏற்றிக்கொண்டு போனார்.

சரியாக இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை அந்த டீச்சர் போன் செய்தார்.

"மேடம், நாய் பாப்பாவ கடிச்சிடுச்சி. கைல. ரத்தம் வந்துச்சி. டாக்டர் நாய்க்கு ஊசி போட்டிருக்கான்னு கேக்கறாரு. போட்டிருக்கீங்க இல்ல?"

"நீங்க போட்டுடுவீங்கன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"நாங்க நீங்க போட்டிருப்பீங்கன்னு இருந்துட்டோம்" என்றார்.

பாதி நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். போகிற வழியில் மாமாவுக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "புள்ளைக்கு ஊசி இன்னிக்கே ஆரம்பிச்சிடணும். நாய யாரும் அடிச்சிடாம பாத்துக்க. கட்டி வச்சி பத்து நாள் பாக்கணும். பத்து நாளும் நாய் நல்லா இருந்திச்சின்னா, கடிச்சப்போ அதுக்கு நோய் இல்லன்னு அர்த்தம்" என்றார்.

நான் சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண்ணுக்குக் காயத்தைச் சுற்றியும் தோளிலும் ஊசி போட்டிருந்தார்கள். கையில் கட்டுடன் வாசல் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். தெருவில் நாலைந்து பேர் நின்று, அடித்துப் போட்டுவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நாய் பின்கட்டில் கட்டிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டியது.

"நான் எடுத்துட்டுப் போறேன். பத்து நாளும் என்ன ஆகுதுன்னு தினம் காலைல உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்றேன்" என்றேன். ஜெராக்ஸ் கடைக்காரர் அதே வேனில் என்னையும் நாயையும் கடலூருக்குக் கொண்டுவந்து விட்டார்.

என் வீட்டுக்காரர் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு, "பத்து நாளு. அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது" என்றார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கட்டினோம். யாரும் அதைத் தொடக் கூடாது, எட்ட நின்று தட்டைத் தள்ள வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார்.

தினமும் காலை ஆறரைக்குப் போன் செய்தேன். "தண்ணி குடிச்சிது. சோறு தின்னுது. கூப்பிட்டா திரும்பிப் பாக்குது." டீச்சர் "சரி" என்பார். அவ்வளவுதான், வைத்துவிடுவார். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அப்படியே போயிற்று.

திங்கட்கிழமை காலை கொல்லைக் கதவைத் திறந்தேன். நாய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. வாய் பாதி திறந்திருந்தது. எச்சில் நூலாக ஒழுகித் தரை நனைந்திருந்தது. தட்டில் சோறு அப்படியே இருந்தது. தண்ணீர்ச் சட்டியில் வாயை வைத்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

கதவைச் சாத்திவிட்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்றதுதான் கண்ணில் நின்றது. ஆறரை மணியாகியும் சிதம்பரத்துக்குப் போன் செய்ய என் விரல் போகவில்லை. மாமாவுக்குத்தான் செய்தேன்.

அவர் மாட்டு டாக்டர் ஒருவரைத் தன் வண்டியில் உட்காரவைத்து அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். டாக்டர் பத்தடி தள்ளி நின்றே வெகு நேரம் பார்த்தார். நாய் முன்னங்காலால் முகத்தைத் தேய்த்தபடியே இருந்தது. "இது வேற மாதிரி தெரியுதே" என்றார். ரெண்டு பேரும் தடித்த கையுறை போட்டுக்கொண்டார்கள். மாமா கழுத்தில் சுருக்குக் கம்பைப் போட்டு அசையாமல் பிடித்தார். டாக்டர் வாய்க்குக் குறுக்கே ஒரு கட்டையைக் கொடுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, நீளமான இடுக்கியை உள்ளே விட்டார். டக்கென்று ஒரு சத்தம். வெளியே வந்தது ஒரு எலும்புத் துண்டு. மேல் பற்களுக்கு நடுவே குறுக்காக மாட்டியிருந்திருக்கிறது.

"யாரு எலும்பு போட்டது?" என்று டாக்டர் கேட்டார்.

நான் போடவில்லை. திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். "நேத்து கறி எடுத்தோம் இல்ல... பாவமா பாத்துது" என்றார்.

நாய் சட்டித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தது. அது நக்கி நக்கிக் குடிக்கிற சத்தத்தைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "இருந்தாலும் பத்து நாள் முடியட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழரைக்கு டீச்சருக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். ஒரு மணி நேரமாகப் போனைக் கையிலேயே வைத்திருந்தாராம். எலும்புக் கதையை மறைக்காமல் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு, "பாப்பா உங்ககிட்ட என்னமோ சொல்லணுங்கிறா" என்று போனைக் கொடுத்தார்.

"ஆன்ட்டி, அது சாப்புடறப்ப நான்தான் தட்ட இழுத்தேன். சும்மா வெளையாட்டுக்கு. அம்மாகிட்ட இப்பதான் சொன்னேன்."

"சரிடா கண்ணு. நீ ஊசி எல்லாத்தையும் ஒழுங்கா போட்டுக்கணும், என்ன?" என்றேன். ஊசி ஜாஸ்தி வலிக்கவில்லை என்று சொன்னாள்.

மீதி ஆறு நாளும் நாய் தின்றது, தூங்கியது, அணிலைப் பார்த்துக் குரைத்தது. பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, புள்ளைக்குப் பயமில்லன்னு சொல்லிடுங்க" என்றார். அப்போதே நாய்க்கும் ஊசி போட்டு அட்டையில் எழுதிக் கொடுத்தார். சிதம்பரத்துக்குச் சொன்னேன். டீச்சர் அழுதார். நானும் அழுதேன். அந்தப் பத்து நாளில் அவர் என்னை ஒரு தடவைகூடத் திட்டவில்லை.

நாய் அவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போகும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் ஆறு பேர் கூட்டத்தில் தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். ஊசி அட்டை கையில் இல்லாமல் இனி ஒரு நாயும் வாசலைத் தாண்டக் கூடாது என்று முடிவானது. இந்த நாய்க்கு நெல்லிக்குப்பத்தில் ஒரு வீடு பார்த்து, இந்த முறை நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். அதுவரை நாய் எங்கள் கொல்லையிலேயே இருந்தது; எலும்பு விஷயத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் நாள் கணக்குப் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் கடைசி ஊசி முடிந்த வாரம் டீச்சர் கூப்பிட்டார். "நாய யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப ஞாயித்துக்கெழம வர்றோம்."

மூன்று பேரும் வந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் ஊசி அட்டையை வாங்கி முன்னும் பின்னும் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்தார். அந்தப் பெண் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாய் மெதுவாகப் போய் அவள் பாதத்தை முகர்ந்துவிட்டு அங்கேயே படுத்துவிட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து அவளும் தரையில் உட்கார்ந்தாள்.

காபி கொடுக்கும்போது டீச்சரிடம் கேட்டேன். "என் மேல உங்களுக்குக் கோவமே வரலியா?"

"கோவப்பட நேரம் எங்க இருந்திச்சி மேடம்? பயப்படவே சரியா இருந்திச்சி" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம், வந்து சேர்ந்துவிட்டோம் என்று போன் வந்தது. நாய் தன் பழைய இடத்தைத் தேடிப் பின்கட்டுக்கே போய்விட்டதாம். கொல்லையைக் கழுவி விட்டுவிட்டு, அன்று ஏழு மணிக்கே படுத்துத் தூங்கிவிட்டேன்.