வாசுகியின் இரண்டு வருஷம்

எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் அதில் குறை இருக்கிறதா என்று வாசுகியின் கண் தானாகத் தேடும். பிறவிக் குணம் என்று சொல்ல முடியாது. மலேசியாவின் ஜொகூர் பாருவில் பாட்டில் மூடி செய்யும் ஃபாக்டரி ஒன்றில் சின்ன வயதிலேயே தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே சூப்பர்வைசராகவும் ஆனவள். மூடியின் ஓரத்தில் பிசிறு இருந்தால் சிவப்புத் தொட்டி. நிறம் கொஞ்சம் மங்கினாலும் சிவப்புத் தொட்டி. கல்யாண வீட்டுக்குப் போனால் கேசரியில் முந்திரி கருகியிருப்பதை முதலில் பார்ப்பவளும் அவள்தான். அவள் கண்ணில் எதுவும் தப்பாது என்று உடன் வேலை செய்யும் பெண்கள் பாதி பயத்தோடும் பாதி பெருமையோடும் சொல்வார்கள். அப்படிப்பட்டவளைத்தான் ஒருவன் இரண்டு வருஷம் ஏமாற்றினான். வேறு யாரும் இல்லை, தாலி கட்டியவன்தான்.

அவள் பிறந்தது லாயாங் லாயாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா சீக்கிரம் போய்விட்டார். தம்பிகளைப் படிக்க வைத்து, அவர்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்து, கல்யாணமும் செய்து வைத்தாள். தன்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் "அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த அப்புறம் வந்து சேர்ந்தபோது அவளுக்கு வயது முப்பத்தாறு. மாப்பிள்ளை சுகுமாறன் அவளைவிட மூன்று வயது மூத்தவன். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்துவிடுவான். குடியில்லை, சூதில்லை, சத்தம் போட்டுப் பேசக்கூட மாட்டான். தங்கமான பையன் என்று ஊரே சொன்னது. ஊருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடும்.

முதல் கர்ப்பம் வந்த சுவடு தெரியாமல் கலைந்தது. யாருக்கும் சொல்லாமல் இருவருமே அழுது முடித்துக்கொண்டார்கள். இரண்டாவது, அவளுடைய நாற்பத்தோராவது வயதில் வந்தது. இந்தத் தடவை இதயத் துடிப்பைக் கேட்டார்கள். சுகுமாறன் அதைக் கைப்பேசியில் பதிவுகூடச் செய்து வைத்தான். மூன்று மாதம் முடியப் போகிறது, இனி எல்லாருக்கும் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்த வாரத்தில் குளியலறையில் ரத்தம் கொட்டியது. கொட்டியது என்றால் நிஜமாகவே கொட்டியது. நினைவு தப்பிக் கிடந்தவளை அவன்தான் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினான். ஆஸ்பத்திரியில் அவள் கண் திறந்தபோது அவன் சட்டை முழுக்க அவள் ரத்தம் காய்ந்திருந்தது.

டாக்டர் தர்மினி இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். அவர் பேச்சில் யாழ்ப்பாணத்துத் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"வயசு போகப் போக முட்டையின்ட தரம் குறையும், வாசுகி. தரம் குறைஞ்ச முட்டையில உண்டாகிற கரு பாதியில நிண்டு போகும். உங்கட பிழை ஒண்டும் இல்லை. திருப்பி முயற்சி செய்யலாம். ஆனா தள்ளிப் போடாதேங்கோ."

டாக்டர் சொன்னதில் மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. தரம் என்ற ஒரு சொல் மட்டும் வாசுகியின் காதில் தங்கிவிட்டது. காலம் பூராவும் மற்றதன் தரத்தைப் பார்த்துச் சிவப்புத் தொட்டியில் போட்டவளுக்கு இப்போது தன் வயிற்றுக்குள்ளேயே கழிவுச் சரக்கு இருக்கிறது என்று தோன்றிவிட்டது. வெட்கமாக இருந்தது. தம்பிகளுக்காகத் தள்ளிப்போட்ட வருஷங்களை எண்ணி முதல் தடவையாகக் கோபமும் வந்தது.

மாமியார் கிருஷ்ணம்மாவுக்கு அந்தச் சொல் வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது. முட்டை தரம் சரியில்லையாம் என்று மகன் சொன்னதுதான் தாமதம், மறுநாள் காலையில் ஒரு கூடையோடு வந்து நின்றார்.

"அப்பவே சொன்னேன், சூப்பர்மார்க்கெட் முட்ட வாங்காதன்னு. அது ஊசி போட்ட கோழி. இது கம்பத்து நாட்டுக் கோழி முட்ட, சீனன் வீட்ல சொல்லி வச்சு வாங்கியாந்தேன். அரவேக்காடா தின்னு."

"அத்தை, டாக்டர் சொன்னது அந்த முட்டை இல்ல."

"எல்லா முட்டையும் ஒன்னுதான்லா."

மறுத்துப் பேசத் தெம்பில்லாமல் வாசுகி அதையும் தின்றாள். வாரக்கணக்கில் தின்றாள். அதை நினைத்தால் பின்னாளில் அவளுக்கே சிரிப்பு வந்திருக்கும். நடந்தது வேறாக இருந்திருந்தால்.

அந்தக் கூடை வந்து சில மாதம் கழித்து, குடல் இறக்கம் என்று சொல்லி சுகுமாறன் சிங்கப்பூரிலேயே ஒரு சின்ன ஆபரேஷன் செய்துகொண்டான். கனமான பெட்டி தூக்கியதில் வந்தது என்றான். வாசுகி லீவு போட்டு அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். எழுந்து நடக்கும்போது தோள் கொடுத்தாள். காயத்தைப் பார்க்கிறேன் என்றதற்கு அவன் கூச்சப்பட்டான். ஆம்பளைக் கூச்சம் என்று விட்டுவிட்டாள்.

அதன்பிறகுதான் அவளுடைய இரண்டு வருஷம் ஆரம்பித்தது. காபியை விட்டாள். டாக்டர் கொடுத்த மாத்திரைகளை வேளை தவறாமல் போட்டாள். கந்த சஷ்டிக்குப் பட்டினி கிடந்தாள். கைப்பேசியில் நாள் பார்த்து, இன்றைக்கு லேட்டாக வராதீர்கள் என்று கூச்சத்தை விட்டுச் சொன்னாள். அவனும் சீக்கிரம் வந்தான். அதைத்தான் அவளால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை, அவனும் சீக்கிரம் வந்தான். புருஷனையும் ஒரு பரிசோதனைக்கு வரச் சொன்னார் டாக்டர். சிங்கப்பூரிலேயே செய்துவிட்டேன், எல்லாம் நன்றாக இருக்கிறதாம் என்று வந்து சொன்னான். ரிப்போர்ட்டைக் கேட்டபோதெல்லாம் மறந்துவிட்டான். ஏற்கெனவே இரண்டு தடவை உண்டானவர்கள் என்பதால் டாக்டரும் பெரிதாகச் சந்தேகப்படவில்லை. ஊசி போட்டு முட்டை எடுத்து வெளியே கரு உண்டாக்கலாமா என்று வாசுகி கேட்டாள்.

"வேணாம் வாசு. ஒடம்பக் கெடுத்துக்காத. தானா வரட்டும்."

எவ்வளவு அக்கறை பாருங்கள்.

அவள் பிறந்த தோட்டம் அழிந்து வெகுகாலம் ஆனாலும் லாயாங் லாயாங் பக்கத்தில் மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. பிள்ளை வேண்டுபவர்கள் வருஷத் திருவிழாவில் அங்கே வேப்ப மரத்தில் தொட்டில் கட்டுவார்கள். மற்ற இடங்களில் பெண்கள் போய்க் கட்டிவிட்டு வந்தால் போதும். இங்கே வழக்கம் வேறு. பெண் துணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், முடிச்சைப் புருஷன் போட வேண்டும். போடும்போது இன்னது வேண்டும் என்று ஆத்தாளிடம் வாய்விட்டுக் கேட்கவும் வேண்டும். முதல் இரண்டு திருவிழாவிலும் சுகுமாறனுக்குச் சொல்லிவைத்த மாதிரி ஷிஃப்ட் விழுந்தது. மூன்றாவதுக்குக் கிருஷ்ணம்மாவே காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார், இனி தப்ப முடியாது.

மஞ்சள் துணியின் இரு முனையையும் வாசுகி கிளையின் மேல் போட்டுப் பிடித்துக்கொண்டாள். பூசாரி ஐயாசாமி பக்கத்தில் நின்றார்.

"சொல்லுப்பா. ஆத்தா, எங்களுக்கு ஒரு புள்ளயக் குடு, அதத் தூக்கியாந்து ஒங் காலடியில போடுறேன்னு சொல்லி முடிச்சுப் போடு."

சுகுமாறன் துணியைத் தொட்டான். தொட்ட கை அப்படியே நின்றது.

"ஆத்தா, எல்லாரையும் நல்லா வச்சுக்க."

"அது பொதுவாக் கேக்கறதுலா. புள்ளயக் கேளு."

"எங்க குடும்பத்த நல்லா வச்சுக்க."

"வெக்கப்படாம கேளுப்பா. ஆத்தாகிட்ட என்ன வெக்கம்?"

பின்னால் இன்னும் இரண்டு ஜோடி வரிசையில் நின்றார்கள். சுகுமாறனின் முகம் வேர்த்துக் கொட்டியது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கடைசியில் துணியை விட்டுவிட்டு, "சாமிகிட்ட முடியாது" என்று முணுமுணுத்துக்கொண்டே காரைப் பார்த்து நடந்தான்.

"பாத்தியா, அவனுக்கே நம்பிக்க போயிருச்சு" என்றார் கிருஷ்ணம்மா, வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. வாசுகி துணியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள். குறை தேடும் அவளுடைய அந்தக் கண் இப்போதுதான் விழித்துக்கொண்டது. குழந்தை வேண்டும் என்று கேட்பதில் இவனுக்கு என்ன பயம்? கேட்டால் கிடைத்துவிடும் என்றா? கிடைக்காது என்றா? முடியாது என்று சொன்னானே, எது முடியாது?

காருக்குள் அவள் உட்கார்ந்ததும் அவனாகவே சொல்லிவிட்டான்.

"அது குடல் இறக்கம் இல்ல வாசு."

"எது?"

"அந்த ஆபரேஷன். புள்ள உண்டாகாம இருக்கப் பண்ணிக்கிட்டேன்."

அவளுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபின் நம்ப முடியவில்லை. நம்பியபின் கதவைத் திறந்து காலை வெளியே போட்டுக்கொண்டாள்.

"டெஸ்ட் பண்ணேன், நல்லாருக்குன்னு சொன்னீங்க."

"பண்ணல."

"ஏன்?"

"அன்னிக்கு நீ செத்துட்டன்னே நெனச்சேன். தூக்கிட்டு எறங்கறேன், ஒன் தல அப்படியே தொங்குது. இன்னொரு தடவ அதப் பாக்க முடியாது வாசு. ஒனக்காகத்தான் பண்ணேன்."

பொய் இல்லை, அது அவளுக்கும் தெரிந்தது. அவன் பயந்தது நிஜம். அவள்மேல் வைத்திருந்த ஆசையும் நிஜம்தான். அதனால் கோபம் குறையும் என்று பார்த்தால் குறையவில்லை, இன்னும் ஏறியது.

"பயமா இருக்கு, வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல? சண்ட போட்டிருப்பேன், அழுதிருப்பேன். தத்து எடுக்கலாமான்னு கேட்டிருப்பேன். ஒங்கள விட்டுட்டே போயிருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்லல."

"மாசா மாசம் ஒங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேனே. எம் முட்டதான் சரியில்ல, என்னக் கட்டி ஒங்களுக்குப் புள்ள இல்லாமப் போச்சுன்னு அழுதேனே. அப்ப என்ன சொன்னீங்க?"

பதிலையும் அவளே சொன்னாள்.

"பரவால்ல வாசுன்னு சொன்னீங்க. முதுகத் தடவிக் குடுத்து, பரவால்லன்னு சொன்னீங்க. நான் செய்யாத தப்புக்கு நீங்க என்னய மன்னிச்சீங்க. சாமிகிட்ட பொய் சொல்ல மட்டும் ஒங்களுக்கு வாய் வரல."

கிருஷ்ணம்மா பிரசாதத் தட்டோடு வந்து பின்சீட்டில் ஏறினார். ஜொகூர் பாரு வரும்வரை அவர் ஒருவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

வீட்டில் வாசுகி பாயை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போனாள். சமைத்தாள், வேலைக்குப் போனாள், அவனோடு மட்டும் பேசவில்லை. ஃபாக்டரியில் நல்ல மூடிகளையே சிவப்புத் தொட்டியில் போடுகிறாள் என்று ஒரு பெண் மெதுவாக வந்து சொன்னாள். சுகுமாறன் தானாகவே டாக்டரிடம் நேரம் வாங்கினான், வரச் சொல்லி அவளிடம் கெஞ்சினான். போகக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் அவளுக்குக் கேட்க ஒரு கேள்வி இருந்தது, அதற்காகப் போனாள்.

டாக்டர் தர்மினி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சுகுமாறனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாசுகியைப் பார்த்துத்தான் பேசினார். அவனிடமிருந்து விந்தணுவை ஊசி போட்டு எடுக்கலாம், அது பெரிய காரியம் இல்லை. இவளுடைய முட்டைகள் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். நாற்பத்து நாலு வயதில் வாய்ப்பு மிகவும் குறைவு, அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. செய்வதென்றால் உடனே செய்ய வேண்டும்.

"டாக்டர், ஒன்னே ஒன்னு. இவரு இதப் பண்ணாம இருந்திருந்தா, இந்த ரெண்டு வருஷத்துல எனக்குப் பொறந்திருக்குமா? எம் முட்ட நல்லா இருந்துச்சா, இல்லையா?"

டாக்டர் ஃபைலை மூடி வைத்தார்.

"அதை இனி ஒருத்தராலயும் சொல்லேலாது, வாசுகி."

தன்னைத் தேற்றுவதற்காகவாவது அவர் ஏதாவது ஒன்றைச் சொல்வார் என்று வாசுகி நினைத்திருந்தாள். கெட்டுப்போய்த்தான் இருந்தது என்று சொன்னால்கூடத் தாங்கியிருப்பாள். தெரியாமலே போய்விட்டது என்பதை எப்படித் தாங்குவது? எழுந்து நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் பெரிய வயிறுகளோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுகுமாறன் வேகமாக வந்து அவளோடு சேர்ந்துகொண்டான். முகத்தில் தெம்பு வந்திருந்தது.

"கேட்டியா வாசு, வழி இருக்காம். அடுத்த வாரமே வச்சுக்கலாம். நான் லீவு போட்டுர்றேன். எவ்ளோ ஊசி வேணாலும் போட்டுக்கறேன்."

வாசுகி நின்றாள். பல நாளைக்குப் பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எனக்குப் புள்ள வேணும். இப்பவும் வேணும். முழிச்சிருக்கற நேரமெல்லாம் அதத்தான் நெனைக்கிறேன். ஆனா அது அப்பான்னு கூப்புடற ஆளு நீங்களா இருக்கக்கூடாது."

அவன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"கோவத்துல பேசாத. இப்ப விட்டா ஒனக்குப் புள்ளயே இல்லாமப் போயிடும்லா."

"ஆமா" என்றாள் வாசுகி. "அது தெரிஞ்சுதான் சொல்றேன்."