இரண்டாவது கிண்ணம்

எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் அடுப்பில்லாச் சமையல் போட்டி நடக்கும். ஐந்தாம் வகுப்பில் நானும் பெயர் கொடுத்தேன். பழத்தைப் பச்சையாக மிக்சியில் அடித்து ஃபிரிட்ஜில் வைத்தால் புட்டிங். அவ்வளவுதான் என் சமையல் ஞானம். ஒரு சனிக்கிழமை ஒத்திகை பார்த்தேன். நஞ்சன்கூட்டு வாழைப்பழம், ஊறிய பேரீச்சை, ஏலக்காய். அடித்து முடித்தால் சேற்று நிறத்தில் நின்றது. பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் ஓடினேன். "தகோ புட்டி", எடுத்துக்கோ குட்டி என்று கன்னடத்தில் சொல்லி, தன் தோட்டத்துப் பப்பாளி ஒன்றைத் தந்தார். அதையும் போட்டு அடித்ததும் அழகான நிறம் வந்துவிட்டது.

பப்பாளி அப்போது எங்கள் விஜயநகர் வீட்டுக்குள் நுழையவே கூடாது. கொள்ளேகாலிலிருந்து சித்தி ஐந்து மாத வயிற்றோடு வந்து தங்கியிருந்தாள். அப்பா ஒருநாள் மறதியாக வாங்கி வந்ததற்கு அம்மா போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது. சித்தி அந்தப் பையைக்கூடத் தொடவில்லை. அந்தச் சனிக்கிழமை அவளும் அம்மாவும் ஸ்கேனுக்குப் போயிருந்தார்கள். திரும்புவதற்குள் எல்லாவற்றையும் ஒழித்துவிடலாம் என்று எனக்கு ஒரு அசட்டுத் தைரியம்.

சீக்கிரமே வந்துவிட்டார்கள். அம்மா ஃபோனோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சித்தி நேரே வந்து ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

"இதென்ன கண்ணு?"

"வாழைப்பழம், பேரீச்சை" என்றேன். மூன்றாவது பழம் வாயிலிருந்து வரவேயில்லை.

நின்றபடியே ஒரு கிண்ணம் சாப்பிட்டாள். "இன்னும் இருக்குதா?" என்றாள். கொடுத்துத் தொலைத்தேன். சிங்க்கில் கறுப்பு விதைகள் அப்படியே கிடந்தன. அள்ளப் போனேன். அதற்குள் வாசலில் அப்பா கூப்பிட்டார். போய்விட்டு வந்து பார்த்தால் சிங்க் பளிச்சென்று இருந்தது. அம்மா பார்த்துவிட்டாள், தொலைந்தேன் என்று நினைத்தேன். ஆனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

சாயங்காலம் சித்தப்பா பதறியடித்து வந்தார். சித்தியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். மூன்றாம் நாள் வயிறில்லாமல் திரும்பி வந்தாள். குழந்தை போய்விட்டது என்றார்கள். போகவில்லை, நான்தான் கொன்றேன் என்று எனக்குத் தெரியும். வயிற்றுவலி என்று சொல்லிப் போட்டிக்குப் போகவில்லை. யார் காலிங்பெல் அடித்தாலும் போலீஸ் என்று கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டேன். பெரியவளான பிறகும் பப்பாளியைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன மாதம் சித்தியோடு மார்க்கெட்டுக்குப் போனேன். அவள் ஒரு பப்பாளியை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். என்னால் தாங்க முடியவில்லை. நடுக்கடையில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

சித்தி முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"அட என்ர கண்ணே, இத்தன வருசமா இதையா மனசுல வெச்சுட்டிருந்த? துடிப்பு நின்னு போச்சுன்னு அன்னிக்கு ஸ்கேன்லயே சொல்லிப்போட்டாங்க. பப்பாளின்னு மொத வாயிலயே எனக்குத் தெரிஞ்சுது. சிங்க்ல கெடந்த வெதைய அள்ளிப் போட்டதே நாந்தான். உங்கம்மா பாத்திருந்தா உன்ர தோல உரிச்சிருப்பா."

"அப்புறம் ஏன் இன்னொரு கிண்ணம் கேட்ட?"

அவள் பழத்தைத் தராசில் வைத்தாள்.

"அஞ்சு மாசமா ஒவ்வொரு வாயும் பயந்து பயந்து தின்னேன் கண்ணு. அன்னிக்குப் பயப்பட ஒண்ணுமில்ல."