இலைக்கு ஒரு வரிசை

ஆசைக்குத் தோட்டம் போடுகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், தண்ணீரைப் பாருங்கள், மண்ணைப் பாருங்கள், அதற்கும் முன்னால் உங்கள் வீட்டு மனிதர்களைப் பாருங்கள் என்பேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, பட்டுத்தான் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில், ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரமாக என் அப்பா எனக்குச் சீதனமாகத் தந்த துண்டு நிலத்தில் பூவன் வாழை வைத்தோம். கணவருக்குத் திருச்சியில் ஆபீஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மண்வெட்டி பிடிப்பார். மற்ற நாட்களில், சமையலை முடித்துவிட்டு நான் போவேன். அங்கே என்னை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். அந்த நிலம் எனக்கு உயிராக இருந்ததற்கு அது ஒன்றே போதும்.

முதல் வருடத் தார்கள் நோஞ்சானாக வந்தன.

"இன்னொரு வருஷம் பார்க்கலாம். அப்பவும் இப்படியே இருந்தா குத்தகைக்கு விட்டுடலாம்" என்றார் கணவர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

எருதான் போதவில்லை என்று முதலில் நினைத்தேன். ஆனால் வேலி முள்ளுக்குள் கை எட்டாமல் நின்ற ஒரே ஒரு மரத்தில் மட்டும் தார் கொழுகொழுவென்று இருந்தது. அதில் ஒரு இலைகூடக் குறையவில்லை. மற்ற மரங்கள் எல்லாம் மொட்டை. கைங்கரியம் என் மாமனாருடையது. ஊரில் யார் வீட்டில் சிராத்தம் என்றாலும் நுனி இலைக்கு அவரிடம்தான் வருவார்கள். அந்தக் கொடைவள்ளலும் கத்தியைக் கையில் கொடுத்து அனுப்புவார். பூ தள்ளிய மரத்தில் இலையை நறுக்கினால் காய் எப்படித் திரளும்?

இலைக்கென்றே தனியாக ஒரு வரிசை நெருக்கமாக வைத்தேன். அது வளரும்வரை யாருக்கும் இலை கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

"சிராத்தத்துக்குன்னு கேக்கறவாளை எப்படிம்மா வெறுங்கையோட அனுப்பறது?" என்றார் மாமனார்.

"இந்த ஒரு வருஷம் மட்டும் பொறுத்துக்கோங்கோ" என்றேன். கோபத்தில் அவர் பல நாள் என்னோடு பேசவில்லை.

மரங்கள் பூ தள்ளும் சமயத்தில் மாமியாரின் சிராத்தம் வந்தது. இலை வரிசை அப்போது முழங்கால் உயரம்தான். சொந்த வீட்டுக் காரியத்தில் சட்டம் பேச எனக்கு மனசு வரவில்லை. முதல் நாள் சாயங்காலம் கத்தியோடு கிளம்பினேன். வாசலில் மாமனார் தோளில் ஈரச் சாக்கோடு வந்து நின்றார். பஸ் ஏறித் திருச்சி காந்தி மார்க்கெட் வரை போய் இலை வாங்கி வந்திருந்தார். ஸ்ரீரங்கத்திலேயே கிடைக்கும். ஆனால் வாழைத் தோட்டம் வைத்திருப்பவர் இலை வாங்குவதை ஊர் பார்த்துவிடுமே.

"கத்தியை உள்ளே வைம்மா. காய் பிடிக்கற மரம்" என்றார்.

மறுநாள் அந்த இலையைக் கழுவும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சில நாள் கழித்து எதிர்வீட்டுக்காரர் இலை கேட்டு வந்தார். "எங்காத்துச் சிராத்தத்துக்கே கடையிலதான் வாங்கினேன், ஓய்" என்று மாமனார் அவரை அனுப்பிவைத்தார்.

அந்த வருடம் தார்களின் கனம் தாங்காமல் மரங்களுக்கு மூங்கில் முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. குத்தகைக்குக் கேட்டு வந்தவரைக் கணவரே திருப்பி அனுப்பினார். நிலம் பிழைத்தது என் சாமர்த்தியத்தால் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கடை இலையில் தன் மனைவியின் சிராத்தத்தை நடத்திய மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.