குட்டியை விடாத குரங்கு

இன்று மாங்காய் நறுக்கும்போது எழுந்த புளிப்பு வாசனை என்னைத் திருத்தணி வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுபோனது. அம்மா இல்லாமல் வந்திருக்கும் முதல் கோடை இது.

அப்போது எனக்கு எட்டு வயது. அந்தச் சித்திரையில் பிறந்த தம்பி நான்காம் நாளே இறந்துவிட்டான். அம்மா அழவில்லை; யாரிடமும் பேசவுமில்லை. ஒரு மத்தியானம் மலையிலிருந்து இறங்கி வந்த குரங்கு ஒன்று, செத்த குட்டியை மார்போடு அணைத்தபடி எங்கள் மாமரத்தடியில் உட்கார்ந்தது. கிணற்றடியில் இருந்த என் அப்பா, நைனா, அதை விரட்டக் கம்பை எடுத்தார்.

"அடிக்காதீங்க. இன்னும் தூக்கிகினு திரியுது பாருங்க," என்றாள் அம்மா.

மாங்காய்த் துண்டுகளை அதன் முன்னால் வைத்தாள். அது தொடவில்லை. அம்மாவும் எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"என் கையிலருந்து அன்னைக்கே வாங்கிகினு பூட்டாங்க," என்று குரங்கிடம் சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

தம்பிக்காக அவள் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். நைனா அவள் அருகில் போகத் துணியாமல் கிணற்றடியிலேயே நின்றார்.